வேறு யாரோ படிக்கிறார்கள்

அண்ணியின் வலக்கையைக் கதவிடுக்கில் வைத்து அண்ணன் கதவை அறைந்து சாத்தியபோது, பாப்பா பக்கத்து அறையில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்து, அந்தக் கை தன்னுடையதே இல்லை என்பதுபோல அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல்கள் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தன.

"விடுதியில இடம் கேக்குறியா? புருஷன விட்டுட்டு ஓடறதுக்கு விடுதியில இடம் கேக்குறியா?" அண்ணன் மூச்சிரைக்கக் கத்தினான். "நடக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவன் கீழே போன பிறகுதான் பாப்பாவுக்குக் கைகால் நகர்ந்தது. அண்ணியைத் தூக்கிவிடக் குனிந்தாள். அண்ணி நல்ல கையால் அவளைத் தள்ளிவிட்டாள்.

"தொடாத. நீதான் சொன்ன. உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?"

பாப்பா பின்வாங்கினாள். வெளியூர்ப் பெண்கள் விடுதி ஒன்றுக்கு அண்ணிக்காக இடம் கேட்டு எழுதியது அவள்தான். தன் லேப்டாப்பில், தன் கையால், அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். முப்பது வயது தாண்டியும் அது மாறவில்லை. அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் வளர்த்தான், படிக்க வைத்தான். கீழே அவனுக்கு லாரி டயர்க் கடை, மேலே வீடு. மாடிப்படி கடையின் பின்பக்கம் இறங்கும். வீட்டிலிருந்து யார் தெருவுக்குப் போனாலும் கடை வழியாகத்தான், அவன் கண் வழியாகத்தான் போக வேண்டும். நாளெல்லாம் காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும். சண்டை போடும்போது வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். பாப்பாவின் மீது அந்தக் கை இதுவரை விழுந்ததில்லை. அந்த ஒரு காரணமே அண்ணியின் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பாப்பா ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். அந்த வேலை சலித்துப் போனதால், சம்பளமில்லாத இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்து எழுதுகிற புரோகிராம் ஒன்று. கம்ப்யூட்டரில் எந்த ஃபைல் மாறினாலும் கவனித்து, உடனே ஒரு நகல் எடுத்து வைக்கும். நீளமான பெயருள்ள ஃபைல்களை மட்டும் அது விட்டுவிடுவதைப் பாப்பா கண்டுபிடித்துத் திருத்தியிருந்தாள். திருத்தத்தை அனுப்புவதற்கு முன் எல்லா டெஸ்டுகளையும் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று பச்சையாக வர வேண்டும். நூற்றுக்கணக்கில் பச்சை வந்தது. ஒன்றே ஒன்று சிவப்பு.

அண்ணியின் கைக்குக் கட்டுப்போட்டு அழைத்து வந்த பிறகு, அந்தச் சிவப்பு வரியின் முன்தான் பாப்பா போய் உட்கார்ந்தாள். செய்யக்கூடியது என்று அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. அண்ணி அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைப்பதுகூடக் கன்னத்தில் அறைவதுபோல இருந்தது.

தன் திருத்தம்தான் ஏதோ கெடுத்துவிட்டது என்று பாப்பா முதலில் நினைத்தாள். அதை எடுத்துவிட்டு ஓட்டினாள். அப்போதும் சிவப்பு. மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கி, வேறொரு இடத்தில் வைத்து ஓட்டினாள். சிவப்பு. அந்த ஒரு டெஸ்டை மட்டும் தனியாக ஓட்டினாள். அதே சிவப்பு. மற்றவர்களின் கம்ப்யூட்டரிலெல்லாம் சமர்த்தாக ஓடுகிற டெஸ்ட், அவளிடம் மட்டும் அடம்பிடித்தது. கீழே அண்ணன் சம்மட்டியால் ரிம்மை அடித்துக் கழற்றுகிற சத்தம் ஒவ்வோர் அடிக்கும் மேசையை அதிரவைத்தது. அடுத்த அறையில் அண்ணி ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறப்பது பாப்பாவுக்குத் தெரியும்.

அந்தப் புரோகிராமைக் கட்டிக் காப்பவர் நத்தை என்ற பட்டப்பெயரில் எழுதுவார். ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் யாருக்கும் தெரியாது. பெயர்தான் நத்தை, கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும்.

பாப்பா டெஸ்டில் நடந்ததையெல்லாம் எழுதினாள்.

"அந்த டெஸ்ட் என்ன செய்யுதுன்னு படிச்சுப் பாத்தீங்களா?" என்று நத்தை கேட்டது.

படித்தாள். புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கி, அதில் ஒரு வரி எழுதி மூடுகிறது. பிறகு, அந்த ஃபைலை யார் யார் தொட்டார்கள் என்று எண்ணுகிறது. உண்டாக்கியது, எழுதியது, மூடியது. அதோடு முடிய வேண்டும். பாப்பாவின் லேப்டாப்பில் கூடுதலாக ஒன்று வந்தது. யாரோ அதைத் திறந்து படித்திருந்தார்கள்.

"ஆன்டிவைரஸ் இருக்கா? அதுதான் பெரும்பாலும் இப்படிப் படிக்கும்."

"இல்ல."

"அப்ப டெஸ்ட் மேல தப்பில்ல. உங்க திருத்தம் மேலயும் தப்பில்ல. உங்க கம்ப்யூட்டர்ல வேறு ஏதோ ஒண்ணு, புதுசா வர்ற ஒவ்வொரு ஃபைலையும் திறந்து படிக்குது. எதுன்னு கண்டுபிடிங்க." தேடுவதற்கான கட்டளை ஒன்றும் கீழே இருந்தது.

பாப்பா அதை ஓட்டினாள். அச்சு உதவி என்ற பெயரில் ஒரு புரோகிராம் வந்து நின்றது. அந்த வீட்டில் பிரிண்டர் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.

அதை நிறுத்தினாள். கண் இமைப்பதற்குள் தானே எழுந்து ஓட ஆரம்பித்தது. அது படித்ததையெல்லாம் எங்கே அனுப்புகிறது என்று துழாவினாள். வெளியூருக்கெல்லாம் இல்லை. கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் கீழே.

சில மாதங்களுக்கு முன் லேப்டாப் சூடாகிறது என்று சொன்னபோது, "குடு, நம்ம ஆளுதான், சுத்தம் பண்ணித் தருவான்" என்று அண்ணன் அதை வாங்கித் தன் சிநேகிதனான கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது அது நன்றாகத்தான் ஓடியது. அண்ணனுக்கு நன்றிகூடச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எழுதி வைத்த ஒவ்வொன்றையும் அவன் கீழே உட்கார்ந்து படித்திருக்கிறான். அண்ணியின் விரல்களை உடைத்தது அவன் கைதான். ஆனால் காட்டிக்கொடுத்தது உண்மையில் பாப்பாவின் விரல்கள்தான்.

அவள் அடுப்படிக்கு ஓடினாள். அண்ணி இடக்கையால் காய் நறுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் சொல்லல. என் லேப்டாப்பே சொல்லியிருக்கு. அண்ணன் அதுக்குள்ள ஒண்ண வச்சிருக்கான்."

"கத விடாத."

"சத்தியமா. வந்து பாருங்க."

"என்னத்தப் பாக்க? நீ காட்டறது எனக்கு என்ன புரியும்?" அண்ணி கையிலிருந்த எவர்சில்வர் தட்டை அவள்மீது விட்டெறிந்தாள். அது பாப்பாவின் புருவத்தைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதிச் சுழன்றது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பாப்பா துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி, என்ன நம்ப வேண்டாம். அவனையே வச்சுப் பாப்போம். நான் ஒரு பொய் எழுதறேன், யாருக்கும் அனுப்ப மாட்டேன். எழுதி வைக்க மட்டும் செய்யறேன். அவன் என்ன செய்யறான்னு நீங்களே பாருங்க."

ரத்தத்தைப் பார்த்ததாலோ என்னவோ, அண்ணி மறுப்புச் சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாப்பா கூடத்து மேசையில் லேப்டாப்பைத் திறந்து, புதிய ஃபைல் ஒன்றில் தட்டினாள்: அண்ணிக்கு ரகசியமாக ஒரு போன் வாங்கியாயிற்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செங்கல்லுக்கு அடியில் இருக்கிறது. நாளைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

மத்தியான நேரம். கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டயர் ஒன்றுக்குக் காற்றேறும் சீறல் கேட்டது. இருவரும் கூடத்து ஜன்னலை ஒட்டி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி பாப்பாவை ஏளனமாகப் பார்த்தாள்.

பிறகு கடை ஷட்டர் பாதிக்குக் கீழே இழுபடும் சத்தம் கேட்டது. படியில் கனத்த காலடிகள். டயர் நெம்பும் இரும்பு லிவர் கையில் இருக்க, அண்ணன் கூடத்தைக் கடந்தான். இருவரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்கு ஏறினான். தலைக்கு மேல் செங்கற்கள் புரளும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். பாப்பாவின் புருவத்தில் உறைந்திருந்த ரத்தத்தை நல்ல கையின் பெருவிரலால் தொட்டாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பாப்பா நினைத்தாள். ஆனால் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கமும், மேலே அந்த ஆள் செங்கல்லைப் புரட்டுகிற அழகும் சேர்ந்து, அவளால் நிறுத்தவே முடியவில்லை.

அண்ணன் இறங்கி வந்தபோதும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாசற்படியில் நின்றான். அண்ணியைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான், மேசைமேல் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தான். காது மந்தமே தவிர அறிவு மந்தமில்லை.

"என்னை வச்சு ஆட்டம் காட்டறீங்களா?" என்றான்.

முதல் அடி லேப்டாப்பில் விழுந்தது. திரை நடுவில் மடிந்து, சாவிகள் பல் உதிர்வதுபோல அறையெங்கும் தெறித்தன. இரண்டாவது அண்ணியின் தலையைக் குறிவைத்து வந்தது. பாப்பா யோசிக்கவில்லை. கையைக் குறுக்கே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம், வலிக்கு முன்னால் அவளுக்குக் கேட்டது.

"உன்ன வளத்த கைடீ இது!" என்று அண்ணன் அலறினான். அவன் கண்ணில் நீர் இருந்தது. அழுதபடியே லிவரை மறுபடி ஓங்கினான்.

அண்ணி நாற்காலியை அவன் காலில் தள்ளிவிட்டாள். அவன் தடுக்கி விழுந்த இடைவெளியில், பாப்பாவின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கடைக்குள் கம்ப்ரசர் இரைச்சல் காதைப் பிளந்தது. ஷட்டர் இடுப்பளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. பாதியிலேயே சிக்கிக்கொள்கிற பழைய ஷட்டர், நல்ல நாளிலேயே தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருத்திக்குக் கை முறிந்திருந்தது, இன்னொருத்திக்கு விரல்கள். அடியில் தவழ்ந்து போகலாமென்றால், கழற்றிப் போட்ட டயர்கள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன.

"யாராவது வாங்களேன்!" பாப்பா கத்தியது தெருவுக்கு எட்டவில்லை.

அண்ணன் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. நிதானமாக வந்தான். இனி எங்கே போய்விடப் போகிறார்கள் என்கிற நிதானம்.

கடை நடுவே லாரி டயர் ஒன்று காற்றுக் குழாய் மாட்டியபடி நின்றது. மேலே ஓடுகிற அவசரத்தில் அண்ணன் அதை நிறுத்தாமல் விட்டுவிட்டான். பெரிய டயருக்குக் காற்றடிக்கும்போது, வெடித்தால் தெறிக்காமலிருக்க, இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். அந்தக் கூண்டில் பல மாதமாகப் பழைய ட்யூப்களை அடைத்து வைத்திருந்தான். டயரின் பக்கவாட்டுச் சுவர் ஓரிடத்தில் புடைத்திருந்தது. அதற்குள்ளிருந்து பட், பட் என்று கூர்மையான சத்தம் கம்ப்ரசர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. உள்ளே கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன.

பாப்பாவுக்கு அது என்னவென்று தெரியாது. "அண்ணி, அது என்ன..."

அண்ணி கட்டுப்போட்ட கையால் அவள் வாயைப் பொத்தினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கடையில் டயர் உருட்டியவள் அண்ணி. அவள் கண்கள் டயரின் மேலிருந்து அண்ணன் மேல் போயின, அங்கேயே நின்றன. பாப்பாவைத் தரதரவென்று இழுத்துத் தூணுக்குப் பின்னால் தள்ளி, அவள்மேல் தானும் சரிந்தாள்.

"ஒளிஞ்சுக்கறீங்களா?" அண்ணன் டயரில் ஒரு கையை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

பிறகு வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கடையே மூச்சை உள்ளிழுத்து ஓங்கி அறைந்ததுபோல இருந்தது. ஷட்டர் வெளிப்பக்கம் வளைந்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. ட்யூப்லைட்டுகள் எல்லாம் நொறுங்கின. தூண் மறைவில் பாப்பாவின் மேல் கிடந்த அண்ணியின் முதுகில் கண்ணாடியும் ரப்பர்த் துணுக்குகளும் மழையாகக் கொட்டின.

தெருவிலிருந்து ஆட்கள் ஷட்டரை நெம்பித் திறந்தபோது, அண்ணன் எதிர்ச்சுவரின் அடியில் கிடந்தான். ஊன்றியிருந்த கை தோளோடு இல்லை. மார்பு உள்வாங்கியிருந்தது. ஆனாலும் உயிர் இருந்தது. பாப்பா தவழ்ந்து போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றான். வாயில் ரத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் வண்டி நுழைந்தபோது முடிந்துவிட்டது.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பா வாய்விட்டு அழுதாள். வலியில் அழுகிறாள் என்று நர்ஸ் ஊசி போட வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். காய்ச்சலில் கிடந்த தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் டாக்டர் வீட்டுக்கு ஓடியவனும் அவன்தான். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணியிடமா?

விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். "ஆள் இல்லாம காத்து ஏறிட்டு இருந்திருக்கு, கூண்டுல வைக்கல. விபத்துதானே?" என்று பாப்பாவிடம் கேட்டாள்.

"ஆமா," என்றாள் பாப்பா.

"வெடிக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"அண்ணி, சும்மா இருங்க."

"நீ சும்மா இரு பாப்பா." அண்ணியின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இழை அறுபடற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவருக்குக் காது கேக்காது, அதுவும் தெரியும். தள்ளிப் போங்கன்னு ஒரு வார்த்த கத்தியிருக்கலாம். கத்தல. இவ கத்தப் பாத்தா, வாயப் பொத்திட்டேன். எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் அவள் விரல் கட்டுகளையும், பாப்பாவின் மாவுக்கட்டையும், கிழிந்த புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிக்க வந்த ஆளுக்கு அறிவிப்புக் குடுக்கணும்னு சட்டத்துல எங்கயும் நான் படிச்சதில்ல," என்று சொல்லிவிட்டு, விபத்து என்றே எழுதி முடித்தாள். அண்ணி அதில் கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் நிம்மதி ஒன்றும் தெரியவில்லை.

வாரங்கள் கழித்துப் பாப்பா இரவல் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒற்றைக் கையால் நத்தைக்கு எழுதினாள். டெஸ்ட் எதனால் சிவப்பாயிற்று என்று மட்டும் சொன்னாள், மற்றதைச் சொல்லவில்லை. "உங்க திருத்தத்தச் சேத்தாச்சு," என்று நத்தை எழுதியது. அடுத்த வரியில், "நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தது.

கடையை அண்ணியே மறுபடி திறந்தாள், பில் மேசையில் பாப்பா உட்கார்ந்தாள். ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் கடைக்காரன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பைக்கில் வந்து இறங்கினான்.

"நல்ல மனுஷன். இப்படிப் போவாருன்னு யாரு நெனச்சா," என்றான்.

"பாப்பாவோட லேப்டாப்ல அத வச்சது நீதானே?" என்றாள் அண்ணி.

அவன் பைக் பக்கம் ஓர் அடி நகர்ந்தான். "அண்ணன் கேட்டாரு, செஞ்சு குடுத்தேன். குடும்ப விஷயம்னு சொன்னாரு. நான் என்ன..."

அவன் முடிப்பதற்குள் அண்ணியின் கையில் சம்மட்டி எழுந்தது. பைக்கின் விளக்கு தூள் தூளாயிற்று. அடுத்த அடியில் பெட்ரோல் டாங்கி நசுங்கியது. அவன் பின்வாங்கிக் குவித்திருந்த டயர்களில் இடறி மல்லாக்க விழுந்தான். அண்ணி அவன்மேல் குனிந்து நின்று, இரு கையாலும் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். சரியாக ஒட்டாத அந்த மூன்று விரல்கள் கைப்பிடியின் மேல் கோணலாகப் பிடித்திருந்தன.

அந்த வீச்சைப் பாப்பா பார்த்திருக்கிறாள். தோள் அப்படித்தான் ஏறும். கழுத்து நரம்பு அப்படித்தான் புடைக்கும்.

"அண்ணி," என்றாள். கத்தக்கூட இல்லை. "போதும் அண்ணி."

சம்மட்டி மேலேயே நின்றது. கீழே கிடந்தவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. மெல்ல, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, அண்ணி சம்மட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"எந்திரிச்சுப் போ," என்றாள் அவனிடம். "நாளைக்கு நாங்க ஸ்டேஷனுக்கு வருவோம். என்ன செஞ்சியோ அத அங்க வந்து சொல்லு. நான் உன் பைக்க உடச்சதையும் சேத்துச் சொல்லு."

அவன் ஓடிய பிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு பாப்பா," என்றாள் அண்ணி, தன் கைகளைப் பார்த்தபடி. "அடிக்கறப்ப நல்லா இருந்துச்சு."

பாப்பா எழுந்தாள். மண்வாரியை எடுத்துவந்து, பெட்ரோல் பரவிய இடத்தில் மண்ணைக் கொட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியும் எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். வெளியே லாரிக்காரர் ஒருவர் பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு வந்து, கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார்.